போஞ்சிப் பாத்திக்குள் திரும்பிய கான்

அப்பா என் நீலப் பென்சிலைச் சீவிக் கொடுத்தார். அன்று எங்கள் வீட்டில் வழக்கம்போல நடந்த கடைசிக் காரியம் அதுதான்.

கவ்வாத்துக் கத்தியால்தான் சீவுவார். தேயிலைச் செடியைச் சாய்வாக வெட்டிப் பழகிய கை. பென்சிலும் சாய்வாகத்தான் வரும். ஆனால் முனை ஊசிபோல இருக்கும். வாசற்படிக்கு உள்ளே, சாரல் படாத இடத்தில் குந்திக்கொண்டு, சீவலை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது நாளாக மழை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லை, யாரும் வேலைக்கு வர வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிட்டார்கள்.

"இது எதுக்குப் புள்ள, நீலம்?"

"தண்ணிக்குப்பா. ஆறு, ஓட, கான் எல்லாத்தையும் நீலத்துல போடணும்."

"மண்ணுக்கு?"

"காவி."

"மழைக்கு?"

"மழைக்குக் கலர் இல்ல."

"மூணு நாளா ஊத்துது. அதுக்கு ஒரு கலரு ஒதுக்கலியா ஒங்க யுனிவர்சிட்டி?"

அடுப்படியில் அம்மா சிரித்தாள். என் தம்பி நிஷாந்த் போர்வைக்குள்ளிருந்து சொன்னான்:

"யுனிவர்சிட்டி இல்லப்பா. யுனிவர்சிட்டில ஒரு துண்டு."

துண்டு என்று அவன் சொன்னது என் படிப்பை. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

உயர்தரத்தில் கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்தேன். பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடும் அளவுக்குப் புள்ளி வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. பத்து வருஷம் போனது. ஒருநாள் பதுளையில், பல்கலைக்கழகத்தின் கிளை நிலையத்து மதிலில் ஓர் அறிவித்தலைப் பார்த்தேன். பட்டப்படிப்பில் சேராமலே, கலைப் பாடங்களில் விரும்பிய ஒன்றை மட்டும் எடுத்துப் படிக்கலாம். அதே வகுப்பு, அதே ஒப்படை, அதே பரீட்சை. முடிவில் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் ஒரு கடிதம் தருவார்கள்.

எனக்கு நான்கு வருஷம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

முதலில் சமூகவியல் படித்தேன். அடுத்து புவியியல். வரவுப் பதிவேட்டில் பட்ட மாணவர்களின் பெயர்கள் அச்சில் இருக்கும். எங்கள் பெயர்களைக் கடைசியில் பேனாவால் எழுதுவார்கள். நானும், ஸலீம் என்ற ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரும். இருவரும் பின்வாங்கில் உட்காருவோம். கேள்வி கேட்க மாட்டோம். பேனாவால் எழுதிய பெயருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஆவணியில் ஓர் ஒப்படை தந்தார்கள். நீங்கள் வாழும் இடத்தை வரைபடமாக வரையுங்கள். சரிவு, நீர்வழி, கட்டடம் எல்லாம் இருக்க வேண்டும்.

நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் எங்கள் லயத்தை வரைந்தேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். எங்களுடையது ஆறாவது. லயத்துக்கு மேலே தேயிலை மலை. மலையில் விழும் மழைத்தண்ணீரைக் குறுக்கே மறித்து ஓடைக்குக் கொண்டுபோக வெட்டிய வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். அந்தக் கான் லயத்தின் பின்புறமாகப் போகிறது. நீலத்தில் போட்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வந்ததும் நீலக்கோடு திரும்பியது.

திருப்பியது அப்பா. கந்தப்பன் என்று பெயர். தோட்டத்தில் அவரை அப்படி யாரும் கூப்பிட மாட்டார்கள், கான்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷம் கான் வெட்டியவர். ஓய்வெடுத்த பிறகு வீட்டின் பின்னால் போஞ்சிக்கொடி போட்டார். பங்குனி வறட்சியில் பாத்தி காய்ந்தது. உரப்பையில் மண் நிரப்பி, இரண்டு கல் வைத்து, கானை அடைத்துத் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பினார். வறட்சியில் எல்லா லயத்திலும் செய்கிற வேலைதான். ஐப்பசி மழைக்கு முன்னால் திறந்துவிட வேண்டும். அந்த வருஷம் அவர் திறக்கவில்லை.

நான் பார்த்தேன். பார்த்ததை வரைந்தேன். பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதினேன்: 'கான் திசைதிருப்பப்பட்டுள்ளது. நீர் சரிவுக்குள் இறங்குகிறது. மேலே இரண்டு இடங்களில் வெடிப்பு.'

ஐப்பசியில் ஒப்படை திரும்பி வந்தது. எழுபத்தொரு புள்ளி. கீழே, புவியியல் எடுக்கும் ஹம்ஸியா மிஸ் சிவப்பில் எழுதியிருந்தார்: 'நல்ல அவதானிப்பு. இதை அங்குள்ள யாருக்காவது சொன்னீர்களா?'

நான் சொல்லவில்லை. கான்காரர் கானை அடைத்தார் என்று லயம் முழுக்கப் பேசும். அதை நான் தொடங்கிவைக்க வேண்டுமா? அதோடு, நான் யார் சொல்வதற்கு? ஒரு பாடம் படிக்கிறவள். வரைபடத்தைப் பொலித்தீன் உறையில் போட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

அது அங்கேதான் இருந்தது, அப்பா பென்சில் சீவிய அன்று காலையிலும்.

ஏழரை மணியிருக்கும். தண்ணீர் எடுக்கப் போன அம்மா வெறும் வாளியோடு திரும்பி வந்தாள்.

"பீலில தண்ணி வரல துஷா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். மலை ஊற்றிலிருந்து குழாய்வழியே வந்து கொட்டும் பீலி அது. பங்குனியில்கூட விரல் மொத்தத்துக்கு வரும்.

"இந்த மழையிலயா?"

"எல கில வந்து அடைச்சிருக்கும். நிஷாந்த எழுப்பு, போய்ப் பாக்கட்டும்."

"கலங்கலா வந்து நின்னுச்சா, ஒரேயடியா நின்னுச்சா?"

"என்னாடி கேள்வி இது? நேத்து டீத்தண்ணி மாதிரி வந்துச்சு. இன்னக்கி இல்ல."

பாடநூலின் நாற்பத்திரண்டாம் பக்கம் என் கண்முன் வந்தது. மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று பரீட்சைக்காக மனனம் செய்த பட்டியல். ஊற்றுநீர் திடீரெனக் கலங்கும், அல்லது நின்றுவிடும். மரங்கள் சாயும். கதவுகள் இறுகும்.

அப்போதுதான் கடைசி வீட்டிலிருந்து பெரியாயி அத்தையின் குரல் கேட்டது.

"யாராச்சும் வாங்களேன்! கதவு தொறக்க மாட்டேங்குது!"

நிஷாந்த் சிரித்துக்கொண்டே எழுந்தான். "மழைல பலக ஊறியிருக்கும். வர்றேன் அத்த, கத்தாதீங்க."

நான் பின்பக்கம் போனேன்.

போஞ்சிக் கொடிகள் கொம்புகளோடு சாய்ந்திருந்தன. எல்லாம் ஒரே பக்கமாக, லயத்தைப் பார்த்து. கானில் தண்ணீர் முழங்கால் அளவு வந்தது. உரப்பையில் மோதித் திரும்பிப் பாத்திக்குள் பாய்ந்தது. அவ்வளவு தண்ணீருக்குப் பாத்தி நிரம்பி வழிய வேண்டும். வழியவில்லை. பாத்தியின் நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. தண்ணீர் அதற்குள் போய்க்கொண்டே இருந்தது, சத்தமில்லாமல். எங்கள் வீட்டுச் சுவர் பிளவிலிருந்து பத்தடி தூரம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் ஃபோனுக்குச் சிக்னல் வரும். ஓடினேன்.

"மிஸ், நான் துஷாந்தினி. ஒரு பாடம்." அப்படித்தான் என்னைச் சொல்லிக்கொள்வது.

"தெரியும் துஷாந்தினி, சொல்லுங்க."

"பீலில தண்ணி நின்னுருச்சு மிஸ். மழ பெய்யுது. ஆனா தண்ணி நின்னுருச்சு."

மிஸ் கேட்டார். "கதவு ஏதும் இறுகுதா?"

"ஒரு வீட்டுல. கடசி வீட்டுல."

"அந்தக் கான்?"

"அப்புடியேதான் இருக்கு."

"யாருக்கிட்டயும் சொல்லலயா?"

"இல்ல மிஸ்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி. அது பிறகு. இப்ப ஆக்கள வெளிய எடுங்க. எங்க கொண்டு போவீங்க?"

"பிள்ளைக் காம்பராவுக்கு. கல்லுக் கட்டடம். அந்தக் காலத்துல கட்டுனது."

"உங்கட மேப்ப நெனச்சுப் பாருங்க. காம்பரா எங்க இருக்கு?"

கண்ணை மூடினேன். லயத்துக்கு நேர் கீழே சமவுயரக் கோடுகள் உள்பக்கமாக வளையும். அந்த வளைவுக்குள் நானே போட்ட சின்னச் சதுரம்.

"பள்ளத்துல மிஸ்."

"பள்ளிக்கூடம்?"

"பக்கத்து மேட்டு முதுகுல."

"அப்ப எங்க போகணும்?"

"மிஸ், நான் சொன்னா கேப்பாங்களா? நான் ஒரு பாடந்தானே..."

"அது மலைக்குத் தெரியாது துஷாந்தினி. ஓடுங்க. பதுளைல சொல்ல வேண்டிய இடத்துக்கு நான் சொல்றேன்."

வீட்டுக்கு வந்தபோது அப்பா அதே இடத்தில் இருந்தார். சீவிய பென்சிலை ஜன்னல் கட்டையில் வைத்திருந்தார். நான் பெட்டியைத் திறந்து, துணிகளை வெளியே எறிந்து, வரைபடத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.

அப்பா எழுத்துக்கூட்டி வாசிப்பார். படத்தை வாசிக்க அவருக்கு எழுத்து தேவைப்படவில்லை.

"இது நம்ம லயம். இது பெரியாயி வீடு. இது கான்." விரல் நீலக்கோட்டோடு போனது. திரும்பிய இடத்தில் நின்றது. "எப்ப போட்ட?"

"ஆவணில."

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. உதடு அசையாமல் எண்ணினார். எனக்குத் தெரிந்தது.

"செவப்புல என்னா எழுதியிருக்கு?"

வாசித்துக் காட்டினேன்.

"சொன்னியா?"

"இல்லப்பா."

"எனக்கிட்டக்கூடவா?"

பிளவைப் பற்றி, பீலியைப் பற்றி, மிஸ் சொன்னதைப் பற்றி மட்டும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"நா மறந்துட்டேன்னு நெனச்சியா?" என்றார். "மறக்கல புள்ள. முழங்கா வலி கொறஞ்சதும் எடுப்போம்னு இருந்தேன். அப்புறம் போஞ்சி பூத்துருச்சு. ஒரு பறி பறிச்சிட்டு எடுப்போம்னு நெனச்சேன்."

எழுந்து, சுவரோரம் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தார்.

"அப்பா, வேணாம்."

"அர மணி வேல. முப்பது வருசம் செஞ்சது."

"இனிமே தொறந்து பிரயோசனமில்ல. மண்ணு குடிச்சிருச்சுப்பா."

"அது ஒம் புத்தகத்துல இருக்கா?"

"இருக்கு."

"எத்தன மணிக்கு வரும்னு இருக்கா?"

"...இல்ல."

"அப்ப அதுக்குள்ள வந்துருவேன்."

சட்டையைப் பிடித்தேன். என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கோபத்தோடு அல்ல. பிள்ளைக் காம்பரா வாசலில் தாய்மார் பிள்ளையின் கையை எடுத்துவிடுவார்களே, அப்படி.

"நீ ஆளுங்கள எறக்கு. நா தண்ணிய எறக்குறேன். நிஷாந்து! நீ அக்காகூடப் போடா."

உரப்பையைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் போனார். வாசற்படியில் பென்சில் சீவல் கிடந்தது. மிதிக்காமல் தாண்டிப் போனார்.

லயத்து முற்றத்தில் நின்று சத்தம் போட்டேன். மண் சரியப் போகிறது, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள் என்று.

கதவுகள் திறந்தன. யாரும் வெளியே வரவில்லை.

"ஆபீஸ்ல ஒன்னும் சொல்லலியே?"

"போன வருசமும் இப்புடித்தான் பெஞ்சுச்சு."

"டீச்சரம்மா, ஒரு பாடம் படிச்சிட்டு மலையவே நகத்துறியா?"

அப்படிக் கேட்டது மூன்றாம் வீட்டுக் கிரிஷாந்தனின் அம்மா. சிலர் சிரித்தார்கள். நிஷாந்த் பெரியாயி அத்தையின் கதவை உதைத்துக்கொண்டிருந்தான். இப்போது அவனிடம் சிரிப்பு இல்லை. கதவு நிலையே கோணிவிட்டது என்று எனக்குக் கேட்கும்படி கத்தினான்.

சமவுயரக் கோட்டை இவர்களுக்கு நான் எப்படிச் சொல்வேன்? சொல்லத் தெரிந்திருந்தால் ஆவணியிலேயே சொல்லியிருக்க மாட்டேனா?

எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். பத்து வருஷமாகத் தினமும் காலையில் செய்வது. மழைக்கு நடுவில் நிமிர்ந்து நின்று, பிள்ளைக் காம்பராவில் பெயர் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டேன்.

"விதுர்ஷா!"

ஐந்தாம் வீட்டுக்குள்ளிருந்து பழக்கதோஷத்தில் ஒரு சின்னக் குரல் வந்தது.

"இருக்கேன் டீச்சர்!"

"பைய மாட்டிக்கிட்டு வா. கிரிஷாந்தன்!"

"இருக்கேன் டீச்சர்!"

"ரமணன்!"

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். செருப்பில்லாமல், அரைக்காற்சட்டையோடு, ஒருத்தி ரொட்டித் துண்டைக் கடித்தபடி. பதினான்கு பெயர். பதினான்கும் வந்து, நான் பழக்கியிருந்தபடி முன்னால் நிற்பவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நான் நடக்கத் தொடங்கினேன். வரிசை என் பின்னால் வந்தது.

"ஏய், எம்புள்ளைய எங்க கூட்டிட்டுப் போற?"

கிரிஷாந்தனின் அம்மா கத்திக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவர்களுக்குப் பின்னால் புருஷன்மார், கைக்குழந்தைகள், ஒரு கோழிக்கூடு. பிள்ளைக் காம்பராவின் வாசலில் பிள்ளைகள் வழக்கம்போல உள்ளே திரும்பப் பார்த்தார்கள்.

"இன்னக்கி இங்க இல்ல. பள்ளிக்கூடம்."

"பெரிய பள்ளிக்கூடமா டீச்சர்?"

"ஆமா. இன்னக்கி எல்லாரும் பெரிய பள்ளிக்கூடம்."

அம்மா மட்டும் லயத்திலேயே நின்றாள். "அவர வுட்டுட்டு நா வரமாட்டேன்." நிஷாந்த் பெரியாயி அத்தையை முதுகில் சுமந்துகொண்டு, இன்னொரு கையால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் எண்ணினேன். நாற்பத்து மூன்று பேர். லயத்துக் கணக்கு நாற்பத்து நான்கு.

பள்ளிக்கூடத்து மேட்டின் அடிவாரத்தில் ஒரு சின்னப் பாலம். எங்கள் கான் மலையிலிருந்து வந்து அதன் கீழாகத்தான் ஓடையில் விழும். பங்குனியிலிருந்து அங்கே தண்ணீர் வந்ததில்லை. புல் முளைத்திருந்தது. அம்மா தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணியளவில் கத்தினாள்.

"துஷா, பாரு! தண்ணி வருது!"

வந்தது. முதலில் சருகையும் குப்பையையும் தள்ளிக்கொண்டு, பிறகு செம்மண் நிறத்தில், பிறகு பாலம் நிறைய. புல் மடங்கிப் படுத்தது.

"தொறந்துட்டாரு. ஒங்கப்பா தொறந்துட்டாரு. கான்காரருன்னா சும்மாவா?"

அம்மா சிரித்தாள். கிரிஷாந்தனின் அம்மாகூடச் சிரித்தாள். "அப்ப வீட்டுக்குப் போலாமா டீச்சரம்மா?" என்று கேட்டாள். எனக்கும், உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷத்தில் பாடநூல் பொய்யாகிவிட்டது போலத்தான் இருந்தது. அவர் இப்போது வருவார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்காலைச் சாய்த்து நடந்து வருவார். வந்து, எத்தனை மணி என்று என்னைக் கேட்பார்.

பாலத்தின் கீழ் தண்ணீர் குறைந்தது.

மழை குறையவில்லை. தண்ணீர் மட்டும் குறைந்தது. வாளியைச் சரித்து முடித்ததுபோல மெலிந்து, நூலாகி, நின்றது. படுத்த புல் ஒவ்வொன்றாக நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

"ஏன் நிக்கிது?" என்றாள் அம்மா.

ஸ்லேட்டில் எழுதிக்கொண்டிருந்த விதுர்ஷா கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

பிறகு சத்தம் வந்தது. தகரம் ஏற்றிய லொறி ஒன்று மலை உச்சியிலிருந்து கொட்டுவதுபோலத் தொடங்கி, எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல், காலுக்கடியிலும் வந்தது. ஜன்னல்கள் அதிர்ந்தன. அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நிஷாந்த் ஓடினான். என்னால் அவனைப் பிடிக்க முடியவில்லை.

புகைபோன்ற மேகம் விலகியபோது பார்த்தோம். லயத்தில் ஐந்து வீடுகள் நின்றன. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை இருந்த இடத்தில் மலை இருந்தது. அதன் நாக்கு பள்ளத்துக்குள் இறங்கி, பிள்ளைக் காம்பராவின் ஒரு பக்கத்து ஜன்னலால் நுழைந்து மறுபக்கத்து ஜன்னலால் வெளியே வந்திருந்தது.

கிரிஷாந்தனின் அம்மா தன் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஐந்து வயதுப் பையன், கால் தரையைத் தொடும்போல இருந்தது. அன்று முழுவதும் அவனை அவள் கீழே இறக்கவில்லை.

ஒரு மணிக்கு மேல் மீட்புக்காரர்கள் வந்தார்கள். ஹம்ஸியா மிஸ் சொல்லித்தான் வந்ததாக ஒருவர் சொன்னார். யார் துஷாந்தினி என்று கேட்டார். நான் கையை உயர்த்தினேன், வகுப்பில்போல.

"ஒங்க பொறுப்பில எத்தன பேர்?"

"நாப்பத்து மூனு."

"காணாமப் போனவங்க?"

"ஒராள்."

"பேர்?"

சொன்னேன். எழுதிக்கொண்டார். பேனாவால்.

ஐந்து மணிக்கு இருட்டத் தொடங்கியது. மேலே இன்னும் வெடிப்பு இருக்கிறது, இதற்கு மேல் ஆட்களை அனுப்ப முடியாது, விடிந்ததும் பார்க்கலாம் என்றார்கள். நிஷாந்த் இடுப்புவரை சேற்றோடு திரும்பி வந்தான். கையில் ஒன்றுமில்லை. தாழ்வாரத்துப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மம்பட்டி இருக்குக்கா," என்றான் மெதுவாக. அம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக.

"எங்க?"

"கான் கரைல. சரிஞ்ச இடத்துக்கு அந்தப் பக்கம், நல்ல மண்ணுல. குத்தி வச்சிருக்கு."

"கழுவியிருந்துச்சா?"

"மழைல எல்லாந்தானே கழுவிரும்." கைச் சேற்றைப் படியில் தேய்த்தான். "பிடியில பைய மடிச்சு வச்சிருந்துச்சு. கொங்காணி போட்டுட்டுப் போனாரே, அந்தப் பை."

எனக்குப் புரிந்தது. அவனுக்கும் புரிந்திருந்தது. கான் வேலை முடிந்தால் அப்பா மண்வெட்டியைக் கழுவிக் கரையில் குத்திவைப்பார். பிறகு திறந்துவிட்ட தண்ணீரோடு கூடவே கரைவழியாகக் கீழே நடப்பார். சருகு எங்கே அடைக்கிறது என்று பார்ப்பதற்கு. அது அவர் பழக்கம். தண்ணீர் போகும் வேகத்துக்கு நடப்பார்.

அப்படியென்றால் அவர் வேலையை முடித்துவிட்டார். அரைமணி நேரத்தில், சொன்னபடி. ஆனால் அங்கிருந்து நேரே கீழே வரவில்லை. சரிந்த பக்கமாகத் தண்ணீரோடு நடந்திருக்கிறார். கான் எந்த இடத்தில் பள்ளத்தைக் கடக்கிறது, எந்த இடத்தில் மேட்டுக்கு வருகிறது என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் பாலத்துக்கு வந்து நிற்பதற்குள் ஒரு மனிதன் எவ்வளவு தூரம் நடந்திருப்பான் என்பது எனக்குத் தெரியாது.

"அக்கா."

"ம்."

"ஒன்னு கேக்குறேன். நீ படிச்சிருக்க." துண்டு என்று அவன் சொல்லவில்லை. "கான அடச்சதால வந்துச்சா, தொறந்ததால வந்துச்சா?"

அம்மா உள்ளே பிள்ளைகளுக்கு நடுவில், விழித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளும் விடிந்ததும் இதைத்தான் கேட்பாள். பிறகு லயம் கேட்கும். மிஸ் சிவப்பில் கேட்டதற்கே நான் இன்னும் பதில் எழுதவில்லை.

"தெரியல," என்றேன்.

அவன் தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டான். நான் ஜாக்கெட்டுக்குள் செருகியிருந்த பொலித்தீன் உறையை எடுத்தேன். எப்போது அதைத் திரும்ப எடுத்தேன் என்பது நினைவில்லை. மூலைகள் நனைந்திருந்தன. நடுப்பகுதி காய்ந்தே இருந்தது. பள்ளிக்கூடத்து மண்ணெண்ணெய் விளக்கின் கீழ் விரித்துப் பார்த்தேன்.

பன்னிரண்டு வீடு. பிள்ளைக் காம்பரா. எழுபத்தொரு புள்ளி.

அப்பா திறந்துவிட்ட கான் அதில் இல்லை. என் நீலக்கோடு மலையிலிருந்து வந்து, ஆறாவது வீட்டின் பின்னால், இன்னும் போஞ்சிப் பாத்திக்குள்தான் திரும்புகிறது.